ஸ்பானிஷில் 'பேனா' என்றால் தண்டனையா, வருத்தமா, வெட்கமா?

மூன்றும்தான். வேர், லத்தீனில் 'பொய்னா'. அதுவும் கிரேக்கத்தின் 'பொய்னே'யிலிருந்து வந்தது. ஒருவரைக் கொன்றவன், இறந்தவரின் குடும்பத்துக்குக் கொடுக்கும் ஈட்டுத்தொகைக்குத்தான் முதலில் அந்தப் பெயர். ரோமானியர்கள் அபராதம், தண்டனை என்ற பொருளில் எடுத்துக்கொண்டார்கள். தண்டனை என்றால் வலி இருக்கும்தானே? அப்படியே துன்பம், வருத்தம், சிரமம் என்று பொருள் விரிந்துகொண்டே போனது.

பிரெஞ்சில் அது 'பென்'. மரண தண்டனையிலும் அதே சொல், மனவருத்தத்துக்கும் அதே சொல். 'அ பென்' என்றால் 'சிரமப்பட்டு' என்று தொடங்கி, இன்று வெறும் 'மிகக் கொஞ்சமே', 'இப்போதுதான்' என்றாகிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இது. ஒரு தண்டனைச் சொல் தேய்ந்து தேய்ந்து அளவைச் சொல்லும் சொல்லாக நிற்கிறது!

ஸ்பானிஷில் 'வாலே லா பேனா' என்றால் 'பட்ட பாட்டுக்குத் தகும்'. 'மே தா பேனா' என்று மாட்ரிட்காரர் சொன்னால் பாவமாக இருக்கிறது என்று அர்த்தம். மெக்சிகோவிலோ கொலம்பியாவிலோ சொன்னால் பெரும்பாலும் கூச்சமாக இருக்கிறது என்று அர்த்தம். இத்தாலியத்திலும் 'பேனா'தான். ஆங்கிலத்தின் 'பெயின்', 'பெனால்ட்டி' இரண்டும் இதே குடும்பம்.

அப்புறம், நம் சட்டைப்பையில் இருக்கும் பேனா? அதற்கும் தண்டனைக்கும் உறவில்லை. போர்ச்சுகீசியத்தில் இறகுக்கும் 'பேனா' என்றே பெயர். அது லத்தீன் 'பென்னா'விலிருந்து வந்த வேறு சொல். இறகால் எழுதிய காலத்தில் போர்ச்சுகீசியத்திலிருந்துதான் தமிழுக்கு வந்தது.