தண்ணீர் சாப்பிடுகிறவர்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். என் அறையில் உடன் தங்கியிருக்கும் நண்பர் மேற்கு வங்கத்தில் நதியா மாவட்டத்துக்காரர். வந்த முதல் வாரத்தில் ஒருநாள் ‘ஜொல் காபோ’ என்றார். ஜொல் என்றால் தண்ணீர், காபோ என்றால் சாப்பிடுவேன் என்பது வரை எனக்குத் தெரியும். ‘தண்ணியைச் சாப்பிடப் போறீங்களா?’ என்று கேட்டுச் சிரித்துவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது.

அதிலிருந்து இந்தச் சொல்மேல் எனக்கு ஒரு பித்து. கைபேசி மொழிபெயர்ப்புச் செயலியில் ‘சாப்பிடு’ என்று அடித்து, ஐம்பது மொழிகளில் அதற்கு என்ன சொல் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியுமா? தின்பதற்கும் குடிப்பதற்கும் ஒரே சொல்லை வைத்திருப்பது ஒரு மொழிக்குக் குறைதானே?

இன்னொன்று. அவர் உதவியோடு ஒரு வங்காளச் சிறுகதையைத் தமிழில் எழுதிப் பார்க்கிறேன். ஊரைவிட்டுக் கிளம்பும் மகனை அம்மா வழியனுப்புகிற இடத்தில் ‘மா கொபாலே சுமு கேலேன்’ என்று வருகிறது. செயலி ‘அம்மா நெற்றியில் முத்தம் சாப்பிட்டாள்’ என்கிறது. இதை எப்படி எழுதுவது?

அன்புடன்,
செந்தில், ஓசூர்

*

அன்புள்ள செந்தில்,

நோட்டுப் பக்கங்களைப் பொறுமையாகப் பார்த்தேன். துருக்கியின் ‘யெமெக்’, மலாயின் ‘மக்கான்’, பாரசீகத்தின் ‘கொர்தன்’, ஜப்பானின் ‘தபேரு’ எல்லாம் சரிதான். ஆனால் இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு அந்த ஊர்களில் ஒரு வேளை கழிக்க முடியாது. வினைச்சொல்லை மட்டும் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். வினை தனியாக வாழாது, அதோடு சேரும் பண்டத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஒரு பிடி சோறு, ஒரு தம்ளர் தண்ணீர், ஒரு மாத்திரை, ஒரு சிகரெட். இந்த நான்கையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மொழியின் வாசலிலும் போய் நில்லுங்கள். அப்போது பட்டியல் பேசத் தொடங்கும்.

உங்கள் நண்பரின் மொழியில் நான்குக்கும் ‘காவா’ ஒன்றேதான், ‘காபோ’ அதன் ஒரு வடிவம். சோறும் தண்ணீரும் மருந்தும் சிகரெட்டும் அங்கே ‘சாப்பிட’ப்படுகின்றன. அதற்காக வங்காளத்தில் குடிப்பதற்குச் சொல் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ‘பான் கொரா’ என்று ஒன்று இருக்கிறது. நாம் பானம் என்கிறோமே, அதே பான். எழுத்திலும் மேடையிலும் வரும். புகை பிடிக்காதீர் என்பதற்கு அங்கே வைக்கும் பலகையில் ‘தூம்பான் நிஷேத்’ என்றிருக்கும், அதாவது புகை குடிக்கத் தடை. பலகையில் குடிக்கிற அதே புகையை டீக்கடையில் சாப்பிடுகிறார்கள். சொல் கைவசம் இருந்தும் வாய் அதைத் தேடுவதில்லை, அவ்வளவுதான்.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். சோறு சாப்பிடுகிறோம். தண்ணீர் குடிக்கிறோம். மாத்திரை போடுகிறோம். வெற்றிலையும் போடுகிறோம். சிகரெட்டைக் குடிக்கிறோம், பிடிக்கிறோம், இழுக்கிறோம், ஊதுகிறோம், ‘தம்’ என்று பெயர் மாற்றி அடிக்கவும் செய்கிறோம். வீட்டுக்கு ஒருவர் வந்தால் ‘காபி சாப்பிடுறீங்களா?’ என்று கேட்கிறோம். நீங்களும் கேட்டிருப்பீர்கள், அப்போது யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். ‘குடிக்கிறீங்களா?’ என்று விருந்தாளியிடம் கேட்பது பல வீடுகளில் கொஞ்சம் மரியாதைக் குறைவாகப்படும். அங்கே ‘சாப்பிடு’ என்ற சொல்லுக்கு மெல்லுவதோடு சம்பந்தமே இல்லை, உபசரிப்போடுதான் சம்பந்தம்.

ஒரு கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். இலையில் ஊற்றிய பாயசத்தை விரலால் வழித்து அப்பளத்தை நொறுக்கிப் போட்டால் அது சாப்பிடுவது. அதே பாயசம் தம்ளரில் வந்தால் குடிப்பது. பாயசம் மாறவில்லை, பாத்திரம் மாறியது. இலையில் கரண்டியால் விழும் ரசத்தைச் சோற்றோடு பிசைந்து சாப்பிடுகிறவர், கடைசியில் கையைக் குவித்து ‘குடிக்கக் கொஞ்சம் ஊத்துங்க’ என்பார். ஆங்கிலேயர் சூப்பைக் கரண்டியால் எடுத்தால் சாப்பிடுகிறார்கள், கோப்பையோடு உறிஞ்சினால் குடிக்கிறார்கள். துருக்கியர் சூப்பைக் கரண்டியால் எடுத்தாலும் குடிக்கத்தான் செய்கிறார்கள். ஜப்பானியர் மிசோ சூப் கிண்ணத்தைக் கையில் தூக்கி உதட்டில் வைப்பதால் அதற்கு ‘நோமு’, குடிப்பது.

இந்த ‘நோமு’வைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். ஜப்பானில் மாத்திரைக்கும் அதுதான். ‘குசுரி ஒ நோமு’ என்பார்கள், மருந்தைக் குடி என்று. கையில் இருப்பது கல் மாதிரி ஒரு வில்லையாக இருந்தாலும் அதேதான். மெல்லாமல் தொண்டைக்குள் இறங்குவது எதுவும் அந்தச் சொல்லில் அடங்கும். சிங்களத்திலும் மருந்தைக் குடிப்பார்கள், ‘பெஹெத் பொனவா’. சீனத்தின் பொதுமொழியில் மருந்தைச் சாப்பிடுவார்கள், ‘ச்சி யாவ்’. ஷாங்காய் பேச்சில் இன்னும் ஒரு படி மேலே, தேநீரையும் மதுவையும் சிகரெட்டையும்கூடச் சாப்பிடுவார்கள். உங்கள் நண்பருக்கு அந்த ஊர்க்காரர்கள் நல்ல துணை. மலையாளத்தில் ஊணும் மருந்தும் ‘கழிக்குக’. தெலுங்கில் மாத்திரையை நம்மைப்போலவே போட்டுக்கொள்கிறார்கள். ஒரு மொழி பண்டம் கெட்டியா நீர்மமா என்று பார்க்கிறது, இன்னொன்று பல் வேலை செய்ததா என்று பார்க்கிறது, வங்காளம் வாய்க்குள் போனதா என்று மட்டும் பார்க்கிறது. அமெரிக்கப் பழங்குடி மொழியான நவஹோவில் இறைச்சி தின்பதற்கு ஒரு வினையடி, கடினமானதைக் கடித்துத் தின்பதற்கு ஒன்று, குழைவானதைத் தின்பதற்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கின்றன. அவர்கள் கண்ணுக்கு நம் ‘சாப்பிடு’ எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறியது போலத் தெரியலாம்.

சிகரெட் கதை தனி. 1492-க்கு முன்னால் ஐரோப்பாவிலோ ஆசியாவிலோ புகையிலை கிடையாது. கப்பலில் அந்த இலை வந்து இறங்கியபோது பல மொழிகளிடம் அந்தச் செயலுக்கு வினை தயாராக இல்லை, இருப்பதில் ஒன்றைத்தான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்களே புகையிலையைக் ‘குடித்தார்கள்’, பிறகுதான் புகை என்ற பெயர்ச்சொல்லிலிருந்து வினை செய்துகொண்டார்கள். துருக்கியர், எகிப்தியர், இந்திக்காரர்கள், தெலுங்கர்கள், சிங்களவர்கள் இன்றும் பேச்சில் குடிக்கிறார்கள். மலாய்க்காரர்கள் உறிஞ்சுகிறார்கள். மலையாளிகள் வலிக்கிறார்கள், நாம் பீடி வலிப்பது போல. இத்தனை பேர் ‘குடி’யில் வந்து சேர்ந்தது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

இனி, குறை என்று சொன்னீர்களே, அதற்கு வருகிறேன். இதில் எனக்கு உங்களோடு உடன்பாடு இல்லை. சொல்லப்போனால், நம் பழைய தமிழ் நின்ற இடத்தில்தான் உங்கள் நண்பர் இன்று நிற்கிறார். திருக்குறளில் 93-ஆம் அதிகாரத்தின் பெயர் என்ன? கள்ளுண்ணாமை. ‘உண்ணற்க கள்ளை’ என்கிறார் வள்ளுவர். கள்ளை யாரும் மென்று தின்னவில்லை. கபிலர் பாடிய குறிஞ்சிக்கலியில் ஒரு பாட்டு, கலித்தொகையில் 51-வது. வீட்டு வாசலில் வந்து நிற்கும் பையன் ‘உண்ணுநீர் வேட்டேன்’ என்கிறான். குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று அர்த்தம். தண்ணீர் கொண்டுபோன பெண்ணின் கையைப் பிடித்துவிடுகிறான். அவள் அலற, அம்மா ஓடிவர, அவள் அவனைக் காட்டிக்கொடுக்காமல் ‘உண்ணுநீர் விக்கினான்’ என்று சொல்லிச் சமாளிக்கிறாள். அம்மாவும் அவன் முதுகை நீவிவிடுகிறாள். ‘உண்ணுநீர்’ என்பதை ‘ஜொல் காபோ’வுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்றைக்கும் அது முழுதாகப் போய்விடவில்லை. குழந்தைக்குப் பால் ஊட்டுகிறோம். ஊட்டு என்பது உண்ணச் செய் என்பதுதான். பள்ளிப் புத்தகத்தில் வரும் பாலூட்டி என்ற சொல்லுக்குள் பாலை ‘உண்கிற’ குட்டி ஒன்று இருக்கிறது. பிற்பாடு பேச்சில் உண் ஒதுங்கி, சாப்பிடு வந்து உட்கார்ந்து, குடி தனக்கென்று ஒரு பங்கைப் பிரித்துக்கொண்டது. தின் கீழே இறங்கியது. மாடு தின்னும், ஆடு தின்னும். மனிதனைப் பார்த்து ‘தின்னுட்டியா?’ என்றால் சண்டை. ஜெர்மானியர்களும் மனிதர் உண்பதற்கு ‘எஸ்ஸன்’, விலங்கு தின்பதற்கு ‘ஃப்ரெஸ்ஸன்’ என்று வைத்திருக்கிறார்கள். மனிதர்மேல் இரண்டாவதைப் போட்டால் அங்கேயும் வசைதான்.

சாப்பாட்டுத் தட்டை விட்டு இந்த வினை வெளியே போகும் இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பாரசீகத்தில் ஒருவன் கால் தடுக்கி விழுந்தால் ‘தரையைச் சாப்பிட்டான்’. சளி பிடித்தால் ‘குளிரைச் சாப்பிட்டான்’. துக்கத்தையும் சாப்பிடுவார்கள், சத்தியத்தையும் சாப்பிடுவார்கள். இந்தியிலும் சத்தியமும் அடியும் ஏமாற்றமும் சாப்பிடுகிற பொருள்கள். சிங்களத்தில் ‘குட்டி கனவா’ என்றால் அடி தின்பது, தெலுங்கிலும் அடி தின்பார்கள். சீனத்தில் பொறாமைப்படுவது ‘வினிகர் சாப்பிடுவது’, பாடுபடுவது ‘கசப்பைச் சாப்பிடுவது’. மலாயில் ஊர் சுற்றப் போவது ‘மக்கான் ஆஙின்’, காற்றைத் தின்னப் போவது. துருக்கியிலும் கொரியாவிலும் கால்பந்து அணி எதிரணியின் கோலைச் ‘சாப்பிடும்’. நாம் ‘ரெண்டு கோல் வாங்கிட்டாங்க’ என்போம்.

கொரியர்கள் வயதையும் சாப்பிடுகிறார்கள். புத்தாண்டு அன்று காலையில் அரிசிக் கொழுக்கட்டை வில்லைகள் மிதக்கும் வெள்ளைச் சூப் வைப்பார்கள். அந்தக் கிண்ணத்தைக் காலி செய்தால் ஒரு வயது கூடும் என்பது வழக்கு, வயது கூடுவதற்கான வினையும் அதே ‘மொக்தா’தான். சூப்பும் வயதும் ஒரே வாயில் இறங்குகின்றன. புத்தாண்டோடு எல்லாருக்கும் வயதைக் கூட்டும் பழைய கணக்கை மாற்றி, 2023 ஜூனில் பிறந்தநாள் கணக்கைச் சட்டப்படி கொண்டுவந்தார்கள். ஆனாலும் பேச்சில் வயதைச் சாப்பிடுவது அப்படியே தொடர்கிறது.

இதெல்லாம் வேற்றூர் விநோதம் என்று ஒதுக்க முடியாது. ‘அடியுண்டான்’, ‘கட்டுண்டான்’, ‘வெட்டுண்ட மரம்’ என்றெல்லாம் நாம் எழுதுகிறோம். கிறிஸ்தவர்கள் விசுவாச அறிக்கையில் ‘சிலுவையில் அறையுண்டு’ என்று சொல்கிறார்கள். இலக்கணத்தில் செயப்பாட்டுவினை என்று படித்துவிட்டுப் போய்விடுகிறோம். அந்த உண் சாப்பிடுகிற உண்தான். தன்மேல் வந்து விழுவதை ஏற்று உள்ளே வாங்கிக்கொள்வதை உண்பதாகப் பார்த்திருக்கிறார்கள். பாரசீகன் தரையைச் சாப்பிட்டதும் நாம் அடியுண்டதும் ஒரே பார்வை.

பண்டத்துக்கும் வினைக்கும் உள்ள இந்தச் சேர்மானத்தைத் தொல்காப்பியர் ஏற்கெனவே விதியாக வைத்திருக்கிறார். ‘வேறுவினைப் பொதுச்சொல் ஒருவினை கிளவார்’ என்பது சொல்லதிகாரச் சூத்திரம். உரைகாரர்கள் அடிசில் என்ற சொல்லை வைத்து விளக்குவார்கள். உண்பது, தின்பது, பருகுவது, நக்குவது எல்லாம் சேர்ந்ததுதான் அடிசில். அதனால் அடிசிலைத் தின்றார் என்றோ பருகினார் என்றோ ஒன்றை மட்டும் சொல்லக்கூடாது, எல்லாவற்றுக்கும் பொதுவாக ‘அயின்றார்’ என்று சொல்ல வேண்டும். மொழிபெயர்க்கிறவர்கள் இந்த ஒரு சூத்திரத்தை மேசைமேல் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

இப்போது அந்த அம்மா. வங்காளத்தில் முத்தமும் ‘காவா’தான், கொடுக்கிறவர் அதைச் சாப்பிடுகிறார். தமிழில் முத்தம் இடுவது, கொடுப்பது. அவர்கள் எடுத்துக்கொள்வதை நாம் கொடுப்பதாகச் சொல்கிறோம். மகன் ஊரைவிட்டுப் போகிற நேரம் என்பதால் இந்த வித்தியாசம் கொஞ்சம் வலிக்கவே செய்கிறது. போகிறவனிடமிருந்து அம்மா எதையோ தனக்கு எடுத்துக்கொள்கிறாள் என்ற சாயை மூலத்தில் நம் காதுக்குக் கேட்கிறது. நம் பாட்டிமாரும் குழந்தையைக் கொஞ்சும்போது ‘அப்படியே கடிச்சுத் தின்னுடலாம் போல இருக்கு’ என்பார்கள். எனக்கும் முதலில் அந்த வழியில் எதையாவது எழுதலாம் என்று ஆசை வந்தது. ஆனால் உங்கள் நண்பரின் காதில் அந்த வாக்கியம் சாதாரணமாகத்தான் விழும். தினமும் சொல்கிற சொல், அதில் அவருக்கு எந்த உணவும் தெரியாது. அவருக்குச் சாதாரணமாக இருப்பது தமிழ் வாசகருக்கும் சாதாரணமாக இருக்க வேண்டும். ‘அம்மா நெற்றியில் முத்தமிட்டாள்’ என்று எழுதுங்கள். அல்லது அந்தக் கதையின் பேச்சுநடைக்குப் பொருந்தினால் ‘முத்தம் கொடுத்தாள்’.

எழுதியதும் அந்தப் பத்தியை நண்பருக்குத் தமிழிலேயே வாசித்துக் காட்டுங்கள். அன்று சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், ‘உண்ணுநீர்’ கதையையும் சொல்லுங்கள். அப்புறம் கதையின் மீதிப் பக்கங்களை எனக்கு அனுப்புங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்.