ஆங்கிலம் புதிதாகப் படிப்பவர்களுக்கு நன்கொடை, நிவாரணம் பற்றிய சொற்களை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கல்முனையில் எங்கள் வீட்டு விறாந்தையில் பின்னேரம் பெரியவர்களுக்கு ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். பாண்டிருப்பு, மருதமுனை, பெரியநீலாவணைப் பக்கமிருந்து வருவார்கள். தையல் வேலை செய்கிறவர், கடையில் நிற்கும் பெடியன், கட்டாருக்குப் போகக் காத்திருக்கிறவர், பிள்ளையின் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தாலே பயமாக இருக்கிறது என்று வரும் தாய்மார், இப்படி. எழுத்துக் கூட்டி வாசிப்பார்கள், வசனம்தான் வராது. இவர்களுக்கு இந்தப் பாடத்தை நாலைந்து முறை எடுத்திருக்கிறேன், முதல் முறை படுமோசம்.

புத்தகத்தில் இருந்தபடியே கரும்பலகையில் எழுதினேன்: ‘டொனேட்’, ‘டொனேஷன்’, ‘டோனர்’, ‘சாரிட்டி’, ‘ஏய்ட்’, ‘ரிலீஃப்’, ‘வொலண்டியர்’. பிறகு ஒரு மாதிரி வசனம், என் பழைய உடுப்புகளை நான் நன்கொடையாகக் கொடுக்கிறேன் என்று. ஆளுக்கொரு வசனம் சொல்லுங்கள் என்றேன். பின்வரிசையில் ஒரு அக்கா, ஐம்பது வயதிருக்கும், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ரீச்சர், நான் ஒண்டும் டொனேட் பண்ணல்லயே, எங்களுக்குத்தானே தந்தவங்க” என்றார். 2004 டிசம்பர் 26இல் வீடு போய், முதலில் பள்ளிக்கூடத்தில், பிறகு டென்டில், பிறகு தகரக் கொட்டிலில் இருந்தவர்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்தப் பாடப்புத்தகங்கள் கொடுக்கிறவன் பக்கத்தில் நின்று எழுதப்பட்டவை. படிக்கிறவர் கையில் மிச்சம் இருக்கும், அலுமாரியில் பழைய உடுப்பு இருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். எங்கள் கரையோரத்தில் பாதிப் பேர் வரிசையில் நின்று வாங்கியவர்கள். ஆகவே நான் இப்போது ‘டொனேட்’டை முதல் நாள் தொடுவதே இல்லை. ‘நீட்’, ‘கிவ்’, ‘கெட்’, ‘லூஸ்’ என்ற நாலு வினைச்சொல்லில் தொடங்குகிறேன். எங்களுக்கு என்ன தேவைப்பட்டது, யார் என்ன தந்தார்கள், எங்களுக்கு என்ன கிடைத்தது, எதை இழந்தோம். இந்த நாலையும் வைத்துக்கொண்டு ஒருவர் தன் கதையையே சொல்லிவிடலாம். ஒன்று, யாரையும் கதை சொல்லச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. சுனாமியைப் பற்றிப் பேச விரும்பாதவர்களும் அதே பாயில் இருப்பார்கள். 2024 நவம்பர் வெள்ளத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால் அநேகமாக எல்லோரும் பேசுவார்கள், இளம் பிள்ளைகளுக்கும் அது நினைவிருக்கிறது.

சொற்களை ஒரே நாளில் கொட்டாதீர்கள், இதையும் அனுபவித்துத்தான் கற்றுக்கொண்டேன். ‘ஏய்ட்’, ‘ஹெல்ப்’, ‘ரிலீஃப்’, ‘சாரிட்டி’ எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்தால் அடுத்த வாரம் எது எதுவென்று குழம்பிப்போய் வருவார்கள். பிறகு தேடிப் பார்த்தால் இதை ஆராய்ந்தே இருக்கிறார்கள், 1993இல் டிங்கம், 1997இல் வேரிங். பொருளில் ஒட்டிக்கிடக்கும் புதுச் சொற்களைச் சேர்த்துப் படித்தவர்கள், சம்பந்தமில்லாத சொற்களைப் படித்தவர்களைவிடக் கூடுதலாகத் தடுமாறியிருக்கிறார்கள். நான் ஒரு நாளைக்கு இவற்றில் ஒன்று, அதோடு அரிசி, பருப்பு, பாய், சவர்க்காரம், லாம்பு என்று கையில் தொடக்கூடிய சாமான் ஐந்தாறு என்று வைத்துக்கொள்கிறேன்.

‘ரிலீஃப்’ லேசு. நிவாரணம் என்கிறோம், வலி நிவாரணி என்றும் சொல்கிறோம், ஆங்கிலத்திலும் அதே சொல்தான் இரண்டுக்கும். ஒரு பெனடோல் மட்டையைக் காட்டினால் பாடம் முடிந்தது. ‘டோனர்’ என்பதை இரத்ததானத்தில் பிடிக்கலாம், ஆஸ்பத்திரிப் பக்கம் போன எல்லோரும் கேட்ட சொல். 2014இலிருந்து இலங்கையில் இரத்தம் முழுக்கவே காசு வாங்காமல் கொடுக்கிறவர்களிடமிருந்துதான் வருகிறது, அதனால் விளக்கவே தேவையில்லை. ‘ஏய்ட்’டுக்கு முதலுதவிப் பெட்டி. அதற்குப் பின்னால் ‘ஸ்’ போடாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிடுங்கள், போட்டால் எய்ட்ஸ் என்ற வருத்தத்தின் பெயராகக் கேட்கும்.

கரைச்சல் தந்த சொற்கள் மூன்று. ‘வொலண்டியர்’ என்றதும் ஒரு தங்கச்சி “தொண்டர் ஆசிரியர்” என்றார். சரிதான், ஆனால் எங்கள் பக்கம் தொண்டர் ஆசிரியர் என்றால் நிரந்தர நியமனம் கிடைக்கும் கிடைக்கும் என்று வருடக்கணக்காகக் காத்திருந்து, கடைசியில் பதாகை பிடித்துக்கொண்டு நிற்கிறவர். ஆங்கிலச் சொல்லில் அந்தக் காத்திருப்பு கிடையாது. இதைச் சொல்லப்போய் அரை மணித்தியாலம் அரசியல் பேசினோம், பரவாயில்லை.

‘சாரிட்டி’க்கு ஸகாத் என்று நான் எழுதியதை மருதமுனைத் தம்பி ஒருவர் உடனே மறித்தார். ஸகாத் கடமை, கணக்குப் பார்த்து நாற்பதில் ஒரு பங்கு கொடுத்தே ஆக வேண்டும், மனம் விரும்பிக் கொடுப்பது ஸதகா, ‘சாரிட்டி’க்குக் கிட்ட வருவது அதுதான் என்றார். அவர் சொன்னது சரி. அழித்துவிட்டு மாற்றி எழுதினேன். கோயில் அன்னதானத்தை எங்கே போடுவது என்று மற்றவர்கள் கேட்டார்கள், அதையும் ஸதகாவுக்குப் பக்கத்திலேயே போட்டோம்.

அப்புறம் ‘ரெஃபியூஜி’. நாங்கள் ஊர் விட்டு ஊர் ஓடினாலும் அகதி என்றுதான் சொல்வோம். ஆங்கிலத்தில் நாட்டு எல்லையைத் தாண்டினவரைத்தான் அப்படிச் சொல்வது, ஐ.நா.வின் 1951 அகதிகள் ஒப்பந்தமும் அப்படித்தான் வரையறுக்கிறது. உள்ளேயே இடம்பெயர்ந்தவருக்கு வேறு சொல். இதை விளக்கி முடித்ததும் அதே அக்கா கேட்டார், “அப்ப ஏன் ரீச்சர் எங்கட டென்டில யூஎன்எச்சீஆர் எண்டு போட்டிருந்தது?” நல்ல கேள்வி. அந்த ஐ.நா. நிறுவனம் அகதிகளுக்கென்றே உண்டானதுதான், ஆனால் இலங்கையில் இடம்பெயர்ந்தவர்களோடும் வேலை செய்தது, சுனாமிக்குப் பிறகு அம்பாறைக் கரையிலும் கொட்டில் போட்டுத் தந்தது. தொடக்க வகுப்பில் இந்த இரண்டு சொல்லுமே வேண்டாம் என்று பிறகு முடிவெடுத்தேன். ‘எங்கள் வீடு போனது, பள்ளிக்கூடத்தில் இருந்தோம்’ என்பதை ஆங்கிலத்தில் சொல்ல முடிந்தால் போதும்.

இலக்கணத்தில் ஒரே ஒரு இடத்தில் நேரம் செலவழியுங்கள். தமிழில் ‘எங்களுக்கு உதவினார்கள்’, அந்த ‘க்கு’ ஆங்கிலத்துக்குள் ‘டு’வாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். ‘தே ஹெல்ப்ட் டு அஸ்’ என்று பத்துப் பேரில் எட்டுப் பேராவது சொல்வார்கள். ‘ஹெல்ப்’புக்கு ‘டு’ வேண்டாம், ‘தே கேவ் அஸ் ரைஸ்’ என்பதிலும் வேண்டாம், ஆனால் ‘டொனேட்’ வந்தால் யாருக்கு என்பதற்கு முன்னால் கட்டாயம் வேண்டும். விதியாகச் சொன்னால் நிற்காது. ஒரு அரிசிப் பையைக் கையிலிருந்து கைக்கு மாற்றிக்கொண்டே ஒவ்வொருவராகச் சொல்ல வையுங்கள்.

பையென்றதும்தான் இது நினைவுக்கு வருகிறது. என்னுடைய ஆகச் சிறந்த பாடப்பொருள் அந்த அக்கா வீட்டிலிருந்து வந்த ஒரு பழைய நிவாரணச் சாக்கு. விறகு மூடப் போட்டிருந்தாராம். ‘யூஎஸ்ஏய்ட்’ என்ற பெயர், அதற்குக் கீழே அமெரிக்க மக்களிடமிருந்து என்று ஒரு வரி, ‘நாட் டு பி ஸோல்ட் ஆர் எக்ஸ்சேஞ்ச்ட்’ என்று ஒரு வரி, ‘யூஸ் நோ ஹூக்ஸ்’ என்று இன்னொன்று. இருபது வருடமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அன்றைக்குத்தான் வாசித்தார். விற்கவும் கூடாது மாற்றவும் கூடாது என்று நான் சொன்னதும் வகுப்பே சிரித்தது, ஏனென்றால் மாவைக் கொடுத்து மீன் வாங்காத வீடு இல்லை. ‘ஹூக்’ எனக்கே புதிர்தான். அக்காவின் புருஷன் சந்தையில் மூட்டை தூக்குகிறவர், அதனால் அக்கா விரலை வளைத்துக் காட்டி, “கொக்கி போட்டு இழுக்காதீங்க, சாக்குக் கிழியும்” என்றார். அன்று ரீச்சர் அவர்தான். அந்த அமெரிக்க நிறுவனம் 2025 ஜூலையோடு வெளிநாட்டு உதவி வேலையை நிறுத்திவிட்டது. சாக்கு இன்னும் கிழியவில்லை.

அதே வருடம் நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்து மலைநாட்டில் மண்சரிவு வந்தபோது எங்கள் பக்கத்திலும் சாமான் சேர்த்தார்கள். வகுப்பைக் கூட்டிக்கொண்டு போனேன். பெட்டிகளுக்கு மேலே என்ன இருக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதுவதுதான் அன்றைய பாடம். ‘டொனேட்’ அன்றைக்குத் தானாக வந்தது, நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அக்கா தன் பெட்டியில் ‘சில்ட்ரன்ஸ் க்ளோத்ஸ்’ என்று எழுதினார். கொஞ்சம் யோசித்து, அதற்குக் கீழே ‘நாட் டு பி ஸோல்ட்’ என்று எழுதினார். பேனையை மூடப் போனவர் மறுபடி திறந்து, பெரிய எழுத்தில், ‘யூஸ் நோ ஹூக்ஸ்’.