எரிதாவின் நிலம்

அன்புள்ள அம்மா,

கல்லூரிக் காலத்திலிருந்து உங்கள் தளத்தை வாசிக்கிறேன். ஒரு வருடமாக ஏஜியன் நாகரிகம், அதாவது கிரேக்கக் கடற்பகுதியின் பழைய நாகரிகம் பற்றிய புத்தகங்களிலேயே கிடக்கிறேன். கிரீட் தீவின் பாம்பேந்திய தேவியையும் காளைமேல் பாயும் இளைஞர்களையும் பார்த்துவிட்டு, வென்ட்ரிஸ் என்ற தனி மனிதர் படித்துக்காட்டிய, லீனியர் பி என்ற பழைய எழுத்திலுள்ள களிமண் பலகைகளின் மொழிபெயர்ப்பைத் தேடிப்பிடித்தேன். பெரிய ஏமாற்றம். ஒரு துதி இல்லை, ஒரு கதை இல்லை. ஆடு, எண்ணெய், தேன், கோதுமை. வெறும் மளிகைச் சிட்டை. இதற்காகவா ஐம்பது வருடம் உழைத்தார்கள்?

இன்னும் இரண்டு கேள்விகள். கிரீட் மக்கள் ஒரே தாய்த்தெய்வத்தைத்தான் வணங்கினார்களா? லீனியர் பி-க்கு முந்திய லீனியர் ஏ எழுத்து இன்னும் படிக்கப்படவில்லை. அதில், படையல் கற்களில் வரும் ‘அசசரமே’ என்ற சொல்லை நான் தமிழ் ‘ஆசாரம்’ என்று படிக்கிறேன். நாற்பது பக்கக் கட்டுரையை இணைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

கே.

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ‘ஆசாரம்’ வடசொல். நாற்பது பக்கம் எழுத உட்காரும் முன் அகராதியை ஒரு தடவை புரட்டியிருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும். அதைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று. லீனியர் ஏ குறிகளுக்கு நாம் கொடுக்கும் ஒலி, அவற்றைப் போலவே தோன்றும் லீனியர் பி குறிகளிடமிருந்து கடன் வாங்கியது. உருவம் ஒத்தால் ஒலியும் ஒக்கும் என்ற ஊகம் அது. அந்தக் கடன் ஒலியின்மேல் காதுக்குப் பழகிய சொல் ஒன்றை ஒட்டினால் எந்த மொழியும் ஒட்டிக்கொள்ளும். அதே சொல் ‘யசசரமே’ என்றும் வெட்டப்பட்டிருக்கிறது. அந்த ‘ய’ எங்கிருந்து வந்தது என்பதற்கு உங்கள் நாற்பது பக்கத்தில் ஒரு வரி இல்லை.

வென்ட்ரிஸுக்கும் இப்படி ஓர் ஆசை இருந்தது. இளவயதிலிருந்தே அவர் நம்பியது, லீனியர் பி-யின் மொழி பழைய இத்தாலியின் எட்ருஸ்கனுக்கு உறவு என்று. 1952-இல் குறிகளைக் கட்டம் கட்டமாக அடுக்கிக்கொண்டே வந்தபோது க்னோசோஸ், அம்னிசோஸ் என்ற கிரீட் ஊர்ப்பெயர்கள் தெரிந்தன. அவற்றின் பின்னால் கிரேக்கம் வந்து நின்றது. பல வருடத்து எட்ருஸ்கன் ஆசையை இறக்கி வைத்துவிட்டு, அந்த ஜூலை 1 அன்று பிபிசி வானொலியில் ‘இது கிரேக்கம்’ என்று சொன்னார். உங்கள் ‘ஆசார’த்தை உங்களால் இறக்கி வைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் உங்களுக்கு இந்தத் துறையில் எதிர்காலம் உண்டு, நிஜமாகவே சொல்கிறேன். கட்டுரையில் குறிகளை எண்ணி எழுதியிருக்கும் அந்த ஆறு பக்கங்கள் நன்றாக வந்திருக்கின்றன.

‘தனி மனிதர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. ஆலிஸ் கோபர் என்ற பெயர் உங்கள் ஒரு வருட வாசிப்பில் கண்ணில் படவே இல்லையா? புரூக்ளின் கல்லூரியில் பகலெல்லாம் பாடம் நடத்திவிட்டு, இரவில் வீட்டில் உட்கார்ந்து குறிகளை எண்ணியவர். காகிதத் தட்டுப்பாட்டுக் காலம். வாழ்த்து அட்டைகள், தேவாலயச் சுற்றறிக்கைகள் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் கத்தரித்துச் சீட்டாக்கினார். ஏறக்குறைய 1,80,000 சீட்டுகள். சிகரெட் அட்டைப்பெட்டிகளில் அவற்றை அடுக்கி வைத்தார். மொழி எது என்று ஊகிக்கவே மறுத்துவிட்டு, சொற்களின் முனை எப்படி மாறுகிறது என்பதை மட்டும் பார்த்தார். தமிழில் ஓரெழுத்தும் தெரியாத ஒருத்தி ‘மரம், மரத்தை, மரத்தில்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து, இவை ஒரே சொல்லின் மூன்று கோலம் என்று கண்டுபிடிப்பதை நினைத்துப் பாருங்கள். அவர் செய்தது அதுதான். 1950-இல், 43 வயதில் இறந்துபோனார். அவர் போட்ட கடைக்கால்மேல்தான் வென்ட்ரிஸ் கட்டினார்.

தாய்த்தெய்வம் பற்றிச் சுருக்கமாக. ஒரே மகாதேவி என்பது, சுவர்ச் சித்திரங்களையும் முத்திரைகளையும் பொம்மைகளையும் பார்த்து க்னோசோஸைத் தோண்டிய ஆர்தர் எவான்ஸ் கட்டியெழுப்பிய எண்ணம். கிரீட்டின் அந்தப் பழைய மக்களான மினோவர்கள் அவளை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள், அவள் ஒருத்தியா பலரா என்பதெல்லாம் லீனியர் ஏ வாய் திறந்தால்தான் தெரியும். பின்னால் வந்து கிரேக்கம் பேசியவர்கள் க்னோசோஸில் எழுதி வைத்த லீனியர் பி பலகைகளில் பெரிய கூட்டமே இருக்கிறது: திக்தே மலையின் சியூஸ், பொசெய்டான், பேறுகாலத்துக்கு உரிய எலூதியா, காற்றுகளுக்கென்று ஒரு பூசாரிப் பெண். அங்கே ஒரு சின்னப் பலகையில் இரண்டே வரி. எல்லாத் தெய்வங்களுக்கும் சேர்த்துத் தேன் ஒரு ஜாடி. லாபிரிந்த் என்ற புதிர்வழியின் நாயகிக்குத் தேன் ஒரு ஜாடி. மற்ற எல்லாருக்கும் பொதுவில் ஒன்று, அவளுக்கு மட்டும் தனியாக ஒன்று. நீங்கள் தேடிய துதி இதைவிட அதிகமாக என்ன சொல்லியிருக்கும்?

மதுவின் தெய்வமான டயோனிசஸ் கிரேக்கத்துக்குப் பிந்தி வந்தவர், வெளியூர்ச் சரக்கு என்று பல அறிஞர்கள் நெடுங்காலம் எழுதிக்கொண்டிருந்தார்கள். கிரேக்க நிலப்பகுதியில் பைலோஸ் அரண்மனையின் லீனியர் பி பலகைகளில் அவர் பெயர் கிடைத்தது. பிறகு கிரீட்டின் கானியாவில் கிடைத்த ஒரு பலகையில் சியூஸுக்கும் டயோனிசஸுக்கும் தேன் எழுதியிருந்தது. நீங்கள் சிட்டை என்று சொல்லும் சாமான்தான் அவர்கள் எழுதியது அத்தனையையும் தள்ளிவிட வைத்தது.

இப்போது நான் எதற்காக உங்களுக்கு எழுத உட்கார்ந்தேனோ அதற்கு வருகிறேன். பைலோஸில் கார்ல் பிளெகன் தோண்டியெடுத்த பலகைகளில் ஒன்று சில மாதங்களாக என் மனதை விட்டுப் போகாமல் இருக்கிறது. புத்தகப் பக்கம்போலக் கோடு போட்டு எழுதிய நிலக்கணக்கு. நிலத்தின் அளவை விதைக்கும் தானியத்தின் அளவால் சொல்கிறது. எங்கள் பக்கத்தில் ‘ஒரு கோட்டை விதைப்பாடு’ என்று சொல்வது இதே கணக்குதான். அதில் எரிதா என்ற பூசாரிப் பெண்ணைப் பற்றி ஒரு பதிவு வருகிறது. எரிதா நிலம் வைத்திருக்கிறாள். இது தெய்வத்துக்கான சலுகை நிலம் என்று அவள் சொல்கிறாள். ஊரோ, பொது நிலத்தில் மற்றவர்களைப் போல அவளுக்குக் குத்தகைப் பங்குதான் என்கிறது. அடுத்த பதிவு கர்பாத்தியா, கோயில் சாவி வைத்திருப்பவள். அவள் வைத்திருக்கும் இரண்டு நிலத்துக்கும் செய்ய வேண்டிய வேலையைச் செய்யவில்லை என்று எழுதியிருக்கிறது.

‘ஊர்’ என்று நான் எழுதிய இடத்தில் இருக்கும் சொல் தாமோஸ். பின்னால் ஜனநாயகத்துக்கான கிரேக்கச் சொல்லில் வந்து உட்காருவது அதே சொல். ‘ஊர் சொல்லுது’ என்று நாம் சொல்கிற ஊர்.

என் அத்தை, அப்பாவின் அக்கா, எங்கள் ஊர் மாரியம்மனுக்குப் பூக்கட்டினாள். அதற்காக முன்னோர் விட்ட முப்பது சென்ட் நந்தவனம் அவள் கையில் இருந்தது. அரளி, பிச்சி, கரையோரம் மரிக்கொழுந்து. 1963-ஆம் வருடத்து இனாம் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு மானிய நிலங்களுக்கெல்லாம் விசாரணை வந்தது. எங்கள் ஊர் முறை வந்தபோது எனக்கு ஒன்பது வயது இருக்கும். அத்தை என்னைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். மேசைக்கு முன்னால் நின்று, “இது எனக்குள்ளது இல்லய்யா, அம்மனுக்குள்ளது. நான் பூவு கெட்டிப் போடுதேன்” என்றாள். ஊர்ப் பெரியவர்கள் ஐந்தாறு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் சொன்னார், “கோயில் நிலம்னா ஊர் நிலந்தானே. எல்லாரையும் போல பாட்டம் அளக்கட்டும்.” யாரும் குரலை உயர்த்தவில்லை. அதிகாரி தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்.

எரிதாவின் பதிவைப் படித்த அன்று அந்த மேசை, அந்த மைக்கூடு, அத்தையின் சேலை முந்தியில் இருந்த அரளி வாசம் எல்லாம் திரும்பி வந்தன. மூவாயிரத்து இருநூறு வருடத்துக்கு முன்னால் ஒருத்தி நின்று இதே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறாள், இதே பதிலைக் கேட்டிருக்கிறாள். தெய்வத்துக்கு உரியது எது, ஊருக்கு உரியது எது, நடுவில் நிற்கும் பெண்ணுக்கு உரியது எது? மதம் என்று நாம் சொல்வதில் பாதி இந்தக் கேள்விதான். துதியில் இந்தச் சண்டை வராது. ஏனென்றால் துதி பாடுகிறவர்களுக்கு அதற்குள் இது தீர்ந்துவிட்டிருக்கும்.

இன்னொன்று சொல்ல வேண்டும், பொறுமையாகக் கேளுங்கள். எரிதா ‘சொல்கிறாள்’ என்று மேலே எழுதினேனே, பலகையில் இருக்கும் வினை ‘எயூகெதோய்’. ஹோமரின் இலியத் காவியத்தில், வீரன் அக்கிலீஸின் கேடயத்தில் வடித்திருக்கும் பஞ்சாயத்துக் காட்சியில், ‘முழுக்கக் கொடுத்துவிட்டேன்’ என்று ஒருவன் சாதிப்பான். அங்கே வருவதும் இதே வினை. பின்னாளைய கிரேக்கத்தில் இதுதான் பிரார்த்தனை செய்வதற்கான சொல். உரிமை கோருவதும் தெய்வத்தைக் கும்பிடுவதும் அவர்களுக்கு ஒரே வாய்ச்சொல்லாக இருந்திருக்கிறது. நமக்கு இது புதிதா? ‘எனக்கு வேண்டும்’ என்று கேட்கிறோம். ‘வேண்டுதல்’ வைத்திருக்கிறோம். அத்தை மேசைக்கு முன்னால் நின்றதும், வெள்ளிக்கிழமை கருவறைக்கு முன்னால் நின்றதும் ஒரே நிற்றல். இரண்டு இடத்திலும் அவள் கை கூப்பியிருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீங்கள் மொழிபெயர்ப்பில் ‘கூறுகிறாள்’ என்று ஒரு சொல்லைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போயிருப்பீர்கள். அதனால்தான் உங்களைக் கடிந்துகொள்கிறேன். ‘ஆசார’த்துக்குச் செலவழித்த நேரத்தில் கால்வாசியை இந்த ஒரு வினைக்குக் கொடுத்திருக்கலாம்.

வழக்கு என்ன ஆயிற்று? பைலோஸ் கணக்கர்கள் பச்சைக் களிமண்ணில் அந்த வருடத்துக் கணக்கை மட்டும் எழுதினார்கள். சூளையில் வைக்கும் வழக்கமில்லை. அரண்மனை எரிந்த தீயில் வெந்ததால்தான் பலகைகள் நமக்குக் கிடைத்தன. தீர்ப்பு அதில் இல்லை. அத்தைக்குத் தீர்ப்பு வந்தது. சாகும்வரை ஊருக்குப் பாட்டம் அளந்தாள், பூவும் கட்டினாள்.

நீங்கள் அடுத்து செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எரிதாவின் பதிவு இரண்டு தடவை எழுதப்பட்டிருக்கிறது. முதலில் ஒரு கணக்கர் வரைவாக எழுதினார், பிறகு இன்னொருவர் தொகுத்துப் பெரிய பலகையில் எழுதினார். இரண்டின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குறி குறியாகப் படியுங்கள். வரைவில் அவளை எதிர்ப்பது நிலக்காரர்கள். பெரிய பலகையில் அந்த இடத்தில் ‘ஊர்’ வந்துவிடுகிறது. வரைவில் அவள் வெறும் ‘பூசாரிப் பெண்’. பெரிய பலகையில் அதற்கு முன்னால் மூன்று குறிகளைச் சேர்த்திருக்கிறார்கள்: எ, ரி, தா.

அத்தையின் கோப்பின் நகலைப் பிற்பாடு ஒருதரம் வாங்கிப் பார்த்தேன். ஏழு பக்கம். ‘மேற்படி பூக்கட்டும் பெண்’ என்றுதான் முழுக்க இருக்கிறது.

அன்புடன்.