ஏடிஹெச்டி (கவனச்சிதறல், மிகை துறுதுறுப்புக் கோளாறு) மாத்திரையோடு வேறு மனநல மருந்தும் சேரும்போது: மனநல மருத்துவரிடம் கேள்வி பதில்

ஓர் அம்மா, சேலம்: பத்து வயது மகன். ஏடிஹெச்டிக்கான அட்டமாக்ஸெடினில் நன்றாக இருந்தான். பதற்றத்துக்கு ஃப்ளுவாக்ஸெடின் சேர்த்தார்கள். மூன்றாம் வாரத்திலிருந்து நடு ராத்திரியில் எழுந்து புத்தகங்களை இறக்கி இறக்கி அடுக்குகிறான், தொட்டதற்கெல்லாம் அழுகை. நோய் முற்றிவிட்டதா?

அம்மா, முதலில் இந்தச் சேர்க்கையைத்தான் சந்தேகப்பட வேண்டும். அட்டமாக்ஸெடினைச் சிதைப்பது கல்லீரலில் இருக்கும் சிஒய்பி2டி6 என்ற நொதி. ஃப்ளுவாக்ஸெடின் அதை முடக்கிவிடும். சுமார் 5 மணி நேரத்தில் பாதியாகக் குறைய வேண்டிய மருந்து, 20 மணி நேரத்துக்கு மேலும் இழுக்கும். மில்லிகிராம் அதேதான், ரத்தத்தில் அளவு பல மடங்கு ஏறிவிடும். போதாததற்கு, ஃப்ளுவாக்ஸெடினே சில குழந்தைகளை இப்படிப் பரபரப்பாக்கும். நாளைக்கே மருத்துவரைப் பாருங்கள். எந்த மருந்தை எந்தத் தேதியில் தொடங்கினீர்கள், எப்போது கூட்டினீர்கள், தூக்கம் எந்த நாளில் கெட்டது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஃப்ளுவாக்ஸெடினை நிறுத்தினாலும் உடலை விட்டுப் போகப் பல வாரம் ஆகும், அதுவரை கவனம் வேண்டும். "செத்துப் போகணும்" என்று ஒரு தடவை சொன்னாலும் அன்றைக்கே கூட்டிப் போங்கள். இளம் வயதினருக்குத் தற்கொலை எண்ணம் வரலாம் என்ற கட்டம் கட்டிய எச்சரிக்கை, அமெரிக்காவில் இரண்டு மருந்துக்குமே உண்டு.

கல்லூரி மாணவர்: ஏடிஹெச்டிக்கு எடுக்கும் மெத்தில்ஃபெனிடேட்டோடு காபி குடிக்கலாமா?

குறையுங்கள் தம்பி. படபடப்பும் தூக்கக்கேடும் கூடும்.

கோவை வாசகி: மனச்சோர்வு, பதற்றத்துக்கான எஸ்சிடலோப்ராமும் மெத்தில்ஃபெனிடேட்டும் எடுக்கிறேன். எரிச்சலாக இருக்கிறது. ஒன்றை நிறுத்திவிடட்டுமா?

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். எஸ்சிடலோப்ராமைச் சட்டென விட்டால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும், எது எதனால் என்றே தெரியாமல் போகும். தேதிகளை எழுதுங்கள்.

திருச்சி வாசகர்: எனக்கு பைபோலர் (மனநிலை மாறி மாறி ஏறி இறங்கும் நோய்). மனநிலையைச் சமன் செய்யும் லித்தியத்தோடு மெத்தில்ஃபெனிடேட் எழுதியிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது.

லித்தியத்தை விடாமல் எடுக்கிறீர்களா? எடுத்தால் மருத்துவர் கண்காணிப்பில் தொடரலாம்.

குறுக்கிட்ட ஒருவர்: டாக்டர், இதை ஏற்க முடியாது. என் அண்ணனுக்கு இதே மெத்தில்ஃபெனிடேட்டால்தான் மேனியா (அளவுமீறிய பரபரப்பு நிலை) வந்தது. பைபோலருக்கு இதைத் தரவே கூடாது.

உங்கள் கோபம் புரிகிறது. பைபோலர் உள்ளவர்களை வைத்து ஸ்வீடனில் நடந்த ஒரு பெரிய ஆய்வு, மருத்துவப் பதிவேடுகளை வைத்துச் செய்தது, 2017இல் அச்சானது. மனநிலையைச் சமன் செய்யும் மருந்து இல்லாமல் மெத்தில்ஃபெனிடேட் எடுத்தவர்களிடம் மூன்று மாதத்துக்குள் மேனியா பல மடங்கு கூடியது. சேர்த்து எடுத்தவர்களிடம் கூடவில்லை. அண்ணன் அப்போது லித்தியம் எடுத்தாரா?

அவரே: எடை போடுகிறது என்று விட்டிருந்தார். அதை யாரும் கேட்கவே இல்லையே!

கேட்டிருக்க வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் "தரவே கூடாது" என்பதை நான் ஒப்பமாட்டேன். கவனம் சிதறி வேலையை இழந்தவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் தூக்கத்தைக் கவனியுங்கள்: மூன்று மணி நேரம் தூங்கிவிட்டுக் களைப்பே இல்லாமல் சுற்றினால், இரண்டாவது இரவுக்குக் காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இன்னொருவர்: நான் எந்த மாத்திரையை நிறுத்தலாம்?

மேலே சொல்லிவிட்டேன். தயவுசெய்து படியுங்கள்.

மதுரை வாசகி: மகள் தோலில் பூச்சி ஊர்கிறது என்று சொறிகிறாள். மெத்தில்ஃபெனிடேட் தொடங்கி ஒரு வாரம்தான்.

சொறி, சிரங்கு இல்லையென்றால் இது மாயத் தொடு உணர்வாக இருக்கலாம். அபூர்வம்தான், ஆனால் தெரிந்த பக்கவிளைவு. நாளைய மாத்திரைக்கு முன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

கடைசிக் கேள்வி: ராத்திரியில் டாக்டர் கிடைக்காவிட்டால்?

டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 14416. எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். காய்ச்சல், நடுக்கம், வியர்வை, குழப்பம் எல்லாம் சேர்ந்து வந்தால் போனில் நேரம் போக்காமல் மாத்திரை அட்டைகளோடு அவசரப் பிரிவுக்குப் போங்கள்.