திட்ட அறிக்கையில் ஒரு பக்கம் போதுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பெங்களூரு வாசகர்களிடமிருந்து இம்முறை வந்த கடிதங்களில் ஆறைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அரசுத் திட்டங்களில் பெண்கள், மாற்றுத்திறனாளிகள், குழந்தைகள் ஆகியோரின் தேவைகளை எந்தக் கட்டத்தில், எந்தக் காகிதத்தில் சேர்ப்பது என்பதே இவற்றின் பொதுக் கேள்வி.

கேள்வி: சுகாதார நிலையக் கட்டடம் ஒன்றுக்கு விரிவான திட்ட அறிக்கை தயாரிக்கிறேன். பாலினம், மாற்றுத்திறன், குழந்தைகள் பற்றி ஒரு பக்கம் சேர்க்கச் சொல்கிறார்கள். பழைய அறிக்கையிலிருந்து எடுத்து எழுதினால் போதுமா?
– உதவிப் பொறியாளர், சிவாஜிநகர்

பதில்: போதாது. அந்தப் பக்கம் எவ்வளவு நன்றாக அமைந்திருந்தாலும் ஒப்பந்தக்காரர் அதைப் படிக்கமாட்டார். அவர் படிப்பது பிஓக்யூ எனப்படும் அளவுப் பட்டியலைத்தான். பட்டியலில் இல்லாத வேலை, முடிந்த வேலையை அளந்து பதியும் எம்-புக்கில் ஏறாது. எம்-புக்கில் ஏறாத வேலைக்குப் பணம் கிடைக்காது. பணம் கிடைக்காத வேலையை யாரும் செய்யமாட்டார்கள். எனவே நீங்கள் எழுதவிருக்கும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வரைபடத்தில் ஓர் இடமும் பட்டியலில் ஓர் எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் வாக்கியத்தை விட்டுவிட்டு முதலில் வரைபடத்தைத் திருத்துங்கள்.

சாய்தளத்தையே எடுத்துக்கொள்வோம். கட்டடத்தின் தரைமட்டம் வாசலைவிட 60 சென்டிமீட்டர் உயரம் என்றால், 1:12 என்ற சாய்வுக்கு, அதாவது உயரத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு நீளத்துக்கு, 7.2 மீட்டர் வேண்டும். சக்கர நாற்காலியைத் திருப்ப மேலும் கீழும் ஒன்றரை மீட்டர் சமதளம் வேண்டும். ஆக மொத்தம் பத்து மீட்டருக்குச் சற்று அதிகம். சிவாஜிநகர் போன்ற நெருக்கமான பகுதியில் இந்தப் பத்து மீட்டரை முதல் வரைபடத்திலேயே ஒதுக்காவிட்டால் பிறகு எங்கிருந்தும் கொண்டுவர முடியாது. நான் மேற்பார்வையிட்ட ஒரு கட்டடத்தில் அப்படித்தான் ஆயிற்று. திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் செங்குத்தான ஒரு சிமெண்ட் சரிவைப் போட்டோம். அதில் யாரும் ஏற முடியவில்லை. ஒரு மகன் தன் தாயை நாற்காலியோடு படிகளில் தூக்கிச் சென்றதை நின்று பார்த்தேன். அன்றிலிருந்து எந்த மதிப்பீட்டிலும் நான் முதலில் தேடுவது அந்த நீளத்தைத்தான்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 44-ஆம் பிரிவின்படி, மாற்றுத்திறனாளிகள் தடையின்றி வந்துபோவதற்கான அணுகல் விதிகளுக்கு உட்படாத வரைபடத்துக்குக் கட்டட அனுமதியும் வழங்கக் கூடாது, பணி நிறைவுச் சான்றிதழும் வழங்கக் கூடாது. ரஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று, அணுகல் தரங்களை வெறும் பரிந்துரைகளாக வைத்திருந்த, அதே சட்டத்தின் கீழ் வகுத்த 2017 விதிகளின் 15(1)-ஆம் விதி சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்து, கட்டாயத் தரங்களை வகுக்குமாறு ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. மேலதிகாரி செலவைக் காரணம் காட்டினால் இந்த இரண்டையும் கோப்புக் குறிப்பில் எழுதிவையுங்கள். கர்ப்பிணிகள் காத்திருக்கும் இடத்துக்கு அருகிலேயே கழிப்பறை, பாலூட்டும் அறை, குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கைகழுவும் தொட்டி ஆகியவை மொத்த மதிப்பீட்டில் மிகச் சிறிய தொகைகள். அவற்றையும் தனித்தனி வரிகளாகவே காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் பணித்தளத்தில் பெண் தொழிலாளர்கள் இருபது பேர்கூட இல்லை. குழந்தைகள் காப்பகம் நடத்த வேண்டிய கடமை எங்களுக்கு உண்டா?
– பணித்தள மேற்பார்வையாளர், ஒயிட்ஃபீல்ட்

பதில்: 1996-ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம் 50-க்கு மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் இருக்கும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அறை வேண்டும் என்றது. 2020-ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமோ, பெண்கள் என்று பிரிக்காமல் 50-க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் என்றே கணக்கிடுகிறது. பிள்ளையைப் பார்த்துக்கொள்வது தாயின் வேலை மட்டுமன்று என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டிருப்பதாகவே இதை நான் பார்க்கிறேன். ஆகவே ஆண்களையும் சேர்த்து உங்கள் வருகைப் பதிவேட்டை மீண்டும் எண்ணுங்கள்.

எண்ணிக்கை எதுவாயினும், தளத்தில் எத்தனை குழந்தைகள் இருக்கிறார்கள் என்று ஒருநாள் காலையில் நடந்து பாருங்கள். ராய்ச்சூரிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் குடும்பங்களில், காப்பகம் இல்லாத இடத்தில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் எட்டு, ஒன்பது வயது அக்காள்தான். அவள் பள்ளிக்குப் போகவில்லை என்பது எந்தப் பதிவேட்டிலும் வராது. ஒரு காப்பகம் திறந்தால் குழந்தை பள்ளத்தில் விழாமல் இருக்கும், தாய் நிம்மதியாக வேலை செய்வாள், அந்தச் சிறுமியும் பள்ளிக்குப் போவாள்.

செலவை யார் ஏற்பது என்ற கேள்வியில்தான் பெரும்பாலான காப்பகங்கள் நின்றுபோகின்றன. அதை ‘ஒப்பந்தக்காரரின் பொதுக் கடமைகள்’ என்ற தலைப்பில் புதைத்தால், குறைந்த விலை கேட்பவர் முதலில் வெட்டுவது அதைத்தான். ‘காப்பகம், இத்தனை மாதங்கள்’ என்று தனி வரியாகக் காட்டி, மாதந்தோறும் நடந்ததற்குச் சான்று இருந்தால்தான் பணம் என்று வையுங்கள். இது புதிய யோசனையும் அன்று. 1969-இல் டெல்லி ராஜ்காட்டில் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்கான கட்டுமானத்தில் மண்ணில் கிடந்த குழந்தைகளைக் கண்டு மீரா மகாதேவன் ஒரு கூடாரத்தில் தொடங்கியதுதான் பின்னாளில் மொபைல் கிரீச்சஸ் அமைப்பாக வளர்ந்தது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத் தொழிலாளர் குடியிருப்பிலேயே ஒரு பெண்ணுக்குப் பயிற்சி அளித்து, தொழிலாளருக்குரிய கூலியையே கொடுங்கள். குழந்தைகளின் மொழியும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமாதலால், பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இன்படி புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவும் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்களும் அதில் புகார் செய்யலாம்.

கேள்வி: சக்தி திட்டத்தில் பெண்களுக்குப் பேருந்துப் பயணம் இலவசமாகிவிட்டது. போக்குவரத்தில் பாலினப் பார்வை வந்துவிட்டது என்று என் ஆய்வுக் கட்டுரையில் எழுதலாமா?
– முதுகலை மாணவி, ஞானபாரதி

பதில்: 2023 ஜூன் 11 முதல் நடைமுறையில் இருக்கும் அந்தத் திட்டம் கட்டணம் என்ற ஒரு தடையை நீக்கியது, அது பெரிய தடைதான், அதைக் குறைத்து எழுதாதீர்கள். ஆனால் ஒரு பெண் காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டு, வேலைக்குப் போய், திரும்பும் வழியில் காய்கறி வாங்கி வருகிறாள்; அலுவலக நேரத்தை மட்டும் வைத்து வகுத்த கால அட்டவணை இந்தச் சிறு சிறு பயணங்களைக் கணக்கில் எடுப்பதில்லை. நிறுத்தத்திலிருந்து வீடுவரை தெருவிளக்கு எரிகிறதா, பணிமனையில் பெண் நடத்துநருக்குக் கழிப்பறையும் ஓய்வறையும் உண்டா, தடங்களை முடிவு செய்யும் குழுவில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்பவற்றையும் கேளுங்கள். அன்றாட வசதியைத் தருவது ஒன்று, முடிவெடுக்கும் இடத்தைத் தருவது வேறு. உங்கள் கட்டுரையில் இவ்விரண்டையும் தனித்தனியாகக் கையாளுங்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் வீடு வீடாகக் கணக்கெடுத்தோம். மாற்றுத்திறனாளிகள் மிகச் சிலரே கிடைத்தார்கள். அவ்வளவு பேர்தானா?
– தொண்டு நிறுவன ஊழியர், லிங்கராஜபுரம்

பதில்: ‘உங்கள் வீட்டில் மாற்றுத்திறனாளி யாராவது உண்டா?’ என்று வாசலில் நின்று கேட்டிருப்பீர்கள். கூச்சத்தாலும், மகளின் திருமணம் தடைப்படும் என்ற பயத்தாலும் இல்லை என்றே பதில் வரும். காது மந்தமான பாட்டியை வீட்டார் அந்தக் கணக்கில் நினைப்பதே இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாடு முழுவதும் 2.68 கோடிப் பேர், அதாவது 2.21 விழுக்காடு என்று சொல்வதையும் இந்தக் குறையோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

மாற்றுத்திறன் பற்றிய புள்ளிவிவரங்களுக்காக ஐ.நா. அமைத்த வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகளைப் பயன்படுத்துங்கள். பார்ப்பது, கேட்பது, நடப்பது, நினைவில் வைப்பது, தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, பிறருடன் பேசிப் புரிந்துகொள்வது ஆகியவற்றில் சிரமம் உண்டா என்று மட்டும் கேட்டு, ‘சிரமமில்லை, கொஞ்சம் சிரமம், மிகவும் சிரமம், முடியவே முடியாது’ என்ற நான்கில் ஒன்றைக் குறிக்க வேண்டும். ‘மாற்றுத்திறன்’ என்ற சொல்லையே உச்சரிக்காதீர்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இது பொருந்தாது. இரண்டு முதல் பதினேழு வயது வரையிலானோருக்கு யுனிசெஃப் அமைப்புடன் சேர்ந்து வகுத்த தனி வினாத்தொகுப்பு உண்டு. படிவம் கன்னடத்தில் மட்டும் இருந்தால், தமிழ் பேசும் வீடுகளில் ஊழியர் அங்கேயே நின்று மனம்போல மொழிபெயர்ப்பார், வீட்டுக்கு வீடு கேள்வி மாறிவிடும். தமிழ்ப் படிவத்தை முன்கூட்டியே அச்சிடுங்கள்.

கேள்வி: பாலின வரவு செலவு அறிக்கையில் வரும் 30 விழுக்காடு பெண்களுக்கான தனி ஒதுக்கீடா?
– கணக்கர், ஸ்ரீராம்புரம்

பதில்: இல்லை. 2005-06 முதல் ஒன்றிய அரசு வெளியிடும் அந்த அறிக்கையில் முழுக்கப் பெண்களுக்கான திட்டங்கள் முதற்பகுதியிலும், குறைந்தது 30 விழுக்காடு பெண்களுக்குச் செல்பவை இரண்டாம் பகுதியிலும் வருகின்றன. ஏற்கெனவே ஒதுக்கிய பணத்தை வகைப்படுத்திக் காட்டும் அறிக்கை அது. புதுப் பணம் தருவதன்று.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது, மூளை முடக்குவாதம், சக்கர நாற்காலியில்தான் வெளியே போவான். எங்கள் வீட்டருகே உள்ள பூங்காவைப் புதுப்பிக்கப் போகிறார்கள். இப்போதுள்ள வளைந்த வாயிற்கம்பிக்குள் அவன் நாற்காலி நுழையாது. நான் யாரிடம் கேட்பது?
– ஒரு தாய், அல்சூர்

பதில்: அம்மா, நீங்கள் சரியான நேரத்தில் எழுதியிருக்கிறீர்கள். இரு சக்கர வாகனங்களைத் தடுக்க வைத்த கம்பி உங்கள் மகனைத் தடுக்கிறது; கம்பிக்குப் பக்கத்திலேயே 900 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சிறு கதவு வைத்தால் இது தீரும். ஆனால் கதவோடு நிறுத்திவிடாதீர்கள். விளையாட்டுப் பகுதி முழுவதும் மணலாக இருந்தால் உள்ளே போன நாற்காலி அங்கேயே புதைந்துவிடும். கெட்டியான தரையில் ஒரு பாதை, சாய்ந்து உட்காரக்கூடிய ஓர் ஊஞ்சல், நாற்காலியோடு நுழையக்கூடிய கழிப்பறை ஆகியவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். இந்தியா 1992-இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆம் உறுப்பு விளையாடுவதை ஒவ்வொரு குழந்தையின் உரிமையாகச் சொல்கிறது. நீங்கள் சலுகை கேட்கவில்லை.

2025 செப்டம்பர் முதல் நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்திருப்பதால், உங்கள் வார்டு எதில் சேர்கிறது என்பதை முதலில் உறுதிசெய்து, அங்குள்ள செயற்பொறியாளரிடம் வரைபடத்தையும் மதிப்பீட்டையும் பார்வைக்குக் கேளுங்கள். தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுக் கொடுங்கள். பதில் தர 30 நாள் கெடு உண்டு. அதற்கும் பலன் இல்லையென்றால், 2016 சட்டத்தின்படி நியமிக்கப்பட்ட மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம். முடிந்தால் பொறியாளரைப் பூங்காவுக்கே வரவழைத்து, உங்கள் மகன் வாயிலிலிருந்து ஊஞ்சல்வரை போக முயல்வதை அவர் கூடவே நடந்து பார்க்கச் செய்யுங்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்பதை அவன் தனக்குத் தெரிந்த விதத்தில் அவரிடம் காட்டட்டும். கதவு, பாதை, ஊஞ்சல், கழிப்பறை ஆகியவற்றைக் கேட்கும் உங்கள் மனு ஒப்பந்தப்புள்ளி கோரும் அறிவிப்பு வெளியாகும் முன் அலுவலகத்தில் சேர்ந்து, நகலில் முத்திரையும் தேதியும் இருக்க வேண்டும்.