மூட்லி என்ற பெயரை விடுங்கள், எண்ணைத் தேடுங்கள்

வண்ணாரப்பேட்டை நண்பருக்கு வணக்கம். கொள்ளுத்தாத்தாவின் தம்பி 1890-களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறினார், டர்பனில் இருக்கிற மூட்லிகள் எல்லாம் நம் வகையறாவா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. மூட்லி என்பது முதலியார்தான். ஆனால் அது பட்டம், ஒரு குடும்பத்தின் பெயர் அல்ல. கவுண்டர் அங்கே கோவெண்டர் ஆனதும் இப்படித்தான், காதில் விழுந்ததை எழுதிவைத்தார்கள். கூடப்பிறந்தவர்களில் ஒருவர் பட்டத்தோடும் மற்றவர் அப்பா பெயரோடும் பதிவாகியிருக்கலாம்.

1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலியாக நேட்டால் போன ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. டர்பன் உறவினர்களிடம் பழைய கல்யாண, இறப்புச் சான்றிதழ்களை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெயருக்குப் பக்கத்தில் அந்த எண் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். கிடைத்துவிட்டால் கப்பல் பட்டியலில் அதே வரியில் அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், தழும்பு மச்சம் வரைக்கும் இருக்கும். சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துப் போயிருந்தால் இந்தப் பட்டியலில் வர மாட்டார்.

ஒன்றில் ஏமாந்துவிடாதீர்கள்: மதராஸில் கப்பலேறியவர் மதராஸ்காரர் என்று அர்த்தமில்லை. வெளியூர் ஆட்களையும் இங்கே டிப்போவில் தங்கவைத்துத்தான் ஏற்றினார்கள். கிராமம் என்ற இடத்தில் பொன்னேரி பக்கத்து ஊர் இருந்தால், அப்போது அது அடங்கியிருந்த செங்கல்பட்டு ஜில்லா என்றுதான் போட்டிருக்கும்.

இங்கே உங்கள் வீட்டு மூலப்பத்திரத்தை எடுங்கள். 'இன்னார் குமாரர் இன்னார்' என்ற வரியில் உள்ள அப்பா பெயரும் பட்டியலில் உள்ளதும், கூடவே கிராமமும் ஒத்துப்போனால் நம்பலாம். பட்டம் மட்டும் ஒத்துப்போவது போதாது.