அடையாள அணிவகுப்பில் ஒருவரைச் சாட்சி அடையாளம் காட்டிவிட்டால் அவருக்குத் தண்டனை உறுதியா?

இல்லை. போலீஸ் சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறதா என்று விசாரணையில் சரிபார்க்கத்தான் அது. சாட்சி கோர்ட்டில் கூண்டேறி ‘இவர்தான்’ என்று சொல்வதுதான் அசல் சாட்சியம். 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 54-ஆம் பிரிவின்படி இந்த அணிவகுப்புக்கு நீதிமன்றம் உத்தரவிடலாம். வழக்கமாகச் சிறைக்குள், மாஜிஸ்திரேட் முன்னால், கைதானவரை ஏறக்குறைய அதே வயதும் உருவமும் உள்ளவர்களோடு கலந்து நிறுத்துவார்கள். அவர் கன்னத்தில் தழும்பு இருந்தால் எல்லார் கன்னத்திலும் அதே இடத்தில் காகிதத் துண்டு ஒட்டி மறைப்பார்கள். விசாரிக்கும் போலீஸ் அங்கே நிற்கக் கூடாது.

அப்புறம், ரொம்ப முக்கியமானது: கைதானதுமே முகத்தை மூடாமல் போட்டோ எடுத்துப் பேப்பரில் போட்டுவிட்டு அணிவகுப்பு நடத்தினால், சாட்சி காட்டுவது சம்பவத்தில் பார்த்த முகத்தையா, பேப்பரில் பார்த்ததையா? அப்படி வெளியாகியிருந்தால் அந்தப் பேப்பரைத் தேதியோடு எடுத்து உடனே வக்கீலிடம் கொடுங்கள்.